அந்தக் கடலோரத்துலயே இருந்துக்கோ கண்ணு

அக்கா, இதை யாருக்கும் காட்டாதே. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன். மாமா படிக்கலாம், அவரைத் தவிர வேறு யாரும் வேண்டாம். மாமாவின் அம்மாவுக்குப் படித்துக் காட்டாதே. அங்கே மாமாவோடு வேலை பார்க்கும் தமிழ்ப் பெண்ணிடம் சொல்லாதே. நம் பக்கத்து ஆட்கள் இருக்கிற எந்த வாட்ஸப் குழுவிலும் இதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதாதே. ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குப் போய் இந்தத் துடியலூர் வீட்டுக்கு வந்து சேர ஒரு பகல் போதும். நாளை டியூஷனுக்குப் போகும்போது, நீ சனிக்கிழமை கூப்பிடுவாயே அந்தத் தோழியின் போனில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புவேன். படித்ததும் அழித்துவிடு. பதில் போடாதே.

முதலில் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நடுவில் நின்றுபோனாலும் இது மட்டும் உனக்கு வந்து சேர வேண்டும். அண்ணன் கல்யாணத்துக்கு வராதே. டிக்கெட் எடுத்திருந்தால் ரத்து செய்துவிடு. அப்பா உன்னைக் கூப்பிடுவது கூடப்பிறந்தவளாக அண்ணன் பக்கத்தில் நின்று இணைச்சீர் செய்வதற்காக இல்லை.

இது நான் எழுதும் கடிதம் இல்லை அக்கா, அம்மா எழுதும் கடிதம். கை மட்டும் என்னுடையது. அம்மாவால் உட்கார்ந்து எழுத முடியாது. அண்ணனுக்கு நிச்சயம் ஆனதிலிருந்து பெரியம்மா தாராபுரத்திலிருந்து வந்து இங்கேயே இருக்கிறார், கல்யாண வேலைக்கு ஒத்தாசை என்று. சமையல் கட்டில் அம்மா பக்கத்தில் நிற்கிறார், கடைக்கு அம்மாவோடு போகிறார், அம்மாவின் அறையில்தான் படுக்கிறார். அம்மாவின் போனை அப்பா வாங்கி வைத்துக்கொண்டார், ரிப்பேர் என்று. அதனால் கிரைண்டர் ஓடும்போது மட்டும்தான் அம்மா என்னிடம் பேசுகிறாள். அந்தச் சத்தத்தில் கூடத்துக்குக் கேட்காது. இட்லிக்கு ஆட்டியது போக, இப்போது அடைக்கும் வடைக்கும் என்று எதையாவது ஊறப்போட்டு ஆட்டிக்கொண்டே இருக்கிறாள். "மாவு மாவா ஆட்டறயே, கல்யாணத்த ஊட்டுலயே வெச்சுக்கலாம்னு இருக்கறயா?" என்று பெரியம்மாவே ஒருநாள் கேட்டுவிட்டார். அம்மா சிரித்துச் சமாளித்தாள். என்னிடம் மட்டும் குனிந்து சொன்னாள், "நான் சொல்றத அப்படியே எழுது அம்மணி. பரீச்சைக்கு எழுதறாப்பல சுருக்கிப்போடாத." நான் எனக்கு வந்த தமிழில் எழுதுகிறேன். அம்மா பேசியது எங்கெல்லாம் அப்படியே நினைவிருக்கிறதோ அங்கே அப்படியே வைக்கிறேன், உனக்கு அவள் குரல் கேட்க வேண்டும் என்று.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பா உன்னோடு பேசியபோது நான் பக்கத்தில் காப்பியோடு நின்றுகொண்டிருந்தேன். போன் ஸ்பீக்கரில் இருந்தது. பெரியப்பா சோபாவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அது உனக்குத் தெரியாது. அப்பா தனியாகப் பேசுகிறார் என்று நினைத்துத்தான் நீ அப்படிப் பேசினாய்.

"நல்லா இருக்கறயா கண்ணு? சாப்பாடெல்லாம் ஒத்துக்குதா?" என்றார் அப்பா.

"நல்லா இருக்கறனுங்கப்பா. நீங்க எப்படி இருக்கறீங்க?"

"எங்களுக்கென்ன. உங்கண்ணனுக்கு இணைச்சீர் நீதான செய்யோணும்? பெரியவ நீ இருக்கறப்ப சின்னவளக் கொண்டுபோய் நிறுத்துனா ஒறம்பரைச் சனம் என்ன பேசுவாங்க?"

"நெசமாலுங்களாப்பா?" என்றாய்.

"பொய்யா சொல்லுவனா? மாப்பிள்ளையையும் கூட்டிக்கிட்டு வந்துரு. தனியா வராத. எந்த ஏரோப்ளேன்ல எத்தன மணிக்கு வர்றீங்கன்னு மட்டும் சொல்லிப்போடு. நானும் பெரியப்பனும் காரு கொண்டாறோம். வேற ஆரையும் கூப்புட வேண்டாம், எதுக்கு அவியளுக்குச் சிரமம்?"

நீ அழுதாய். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. எல்லாம் சரியாகிவிட்டது, அக்கா வரப்போகிறாள், பட்டு கட்டிக்கொண்டு பேழையைத் தலையில் வைத்து அண்ணன் பக்கத்தில் நிற்கப்போகிறாள் என்று நினைத்தேன். அப்பா போனை வைத்தார். பெரியப்பா என் கையிலிருந்த டம்ளரை வாங்கி ஆற்றிக்கொண்டே, "அழுகறா. வந்துருவா" என்றார்.

மறுநாள் கிரைண்டர் ஓடும்போது இதை அம்மாவிடம் சந்தோஷமாகத்தான் சொன்னேன். அவளை அந்த நேரம் கோயிலுக்குப் போகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள், பேச்சைக் கேட்டிருக்கவில்லை. மாவைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்த கை நின்றது.

"மாப்பிள்ளைன்னு சொன்னாரா? உங்கப்பனா?"

"ஆமாம்மா. மாப்பிள்ளையையும் கூட்டிக்கிட்டு வான்னாரு."

"உன்ற காதுல கேட்டயா? நல்லா நெனச்சுப் பாத்துச் சொல்லு."

நம் வீட்டில் மாமாவை என்னவென்று சொல்வார்கள் என்று உனக்குத் தெரியும். 'அவன்' என்பதுதான் இருப்பதிலேயே மரியாதையான வார்த்தை. மாமாவின் தாத்தா நம் தாத்தாவின் தோட்டத்தில் கூலிக்கு இருந்தவர் என்பதை அப்பா ஒரு நாளும் மறந்ததில்லை, நம்மையும் மறக்க விட்டதில்லை. மாமா படித்ததும், வெளிநாட்டில் வேலை வாங்கியதும் அந்தக் கோபத்தைக் குறைக்கவில்லை, கூட்டத்தான் செய்தது. நீ போன பிறகு இந்த வீட்டில் உன் பேரைச் சொல்லக்கூடாது என்று ஒரு நாள் தட்டை வீசி எறிந்தவர். அவர் வாயிலிருந்து 'மாப்பிள்ளை' வந்தது என்று கேட்டதும் அம்மா கிரைண்டருக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அதன் பிறகுதான் வசந்தி அக்காவைப் பற்றிச் சொன்னாள்.

பெரியப்பா மகள் வசந்தி அக்காவை உனக்கு நன்றாக நினைவிருக்கும். அவள் வயிற்றுவலியில் செத்துப்போனாள் என்று உனக்கு ஹாஸ்டலுக்குப் போன் செய்து சொன்னார்கள். எனக்கும் அதையேதான் சொன்னார்கள், நான் அப்போது சின்னப் பிள்ளை. வசந்தி அக்கா தனக்குப் பிடித்தவரோடு போய் சோமனூரில் இருந்தாள். அவர் தறி ஓட்டிக்கொண்டிருந்தார், அவரும் நம் ஆள் இல்லை. கொஞ்ச காலம் கழித்துப் பெரியப்பா தாமாகவே பழத்தட்டோடு அவர்கள் வீட்டுக்குப் போனார். ஊர்த் திருவிழா நோம்பி வருகிறது, நடந்ததெல்லாம் நடந்துபோச்சு, மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா கண்ணு என்றார். மாப்பிள்ளை என்றுதான் சொன்னார். அம்மாவும் அந்தத் தட்டோடு போயிருந்தாள். வசந்தி அக்கா பெரியப்பா காலில் விழுந்து அழுதாளாம். அந்த மனிதருக்குத் தறியில் லீவு கிடைக்கவில்லை, மறுநாள் வருவதாகச் சொல்லிவிட்டு இவளை மட்டும் காரில் ஏற்றி அனுப்பினார். காரை ஓட்டியது நம் அப்பா.

அம்மா அன்று பெரியப்பா வீட்டில் ஆட்டுக்கறி சமைத்திருக்கிறாள். வசந்தி அக்கா இரண்டு தடவை குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாளாம். பாத்திரம் தேய்க்கப் பெண்களையெல்லாம் தோட்டத்துச் சாளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அங்கேயே படுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். விடிந்து அம்மா பெரியப்பா வீட்டுக்குத் திரும்பி வந்தபோது அப்பா மோட்டார் தண்ணீரில் காரைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, வசந்தி எங்கீங்க?" என்று அம்மா கேட்டிருக்கிறாள்.

"வயித்துவலிங்கறாங்க. நீ போய் காப்பி வெய்யி."

அம்மா போய் காப்பி வைத்தாள். மத்தியானத்துக்குள் எரித்துவிட்டார்கள். அந்த மனிதர் மறுநாள் புதுச் சட்டையோடு வந்து தெருமுனையில் இறங்கியபோது அவரை யாரும் வீட்டுக்குள் விடவில்லை. அவரிடமும் அதே ஒரு வார்த்தையைத்தான் சொன்னார்கள். அவர் போலீசுக்குப் போனாரா, போயும் ஒன்றும் நடக்கவில்லையா என்பது அம்மாவுக்குத் தெரியாது. கேட்கவில்லை என்று சொன்னாள்.

"உங்கக்காகிட்ட இதச் சொல்லு," என்றாள் அம்மா. "அவளோட அம்மா எல்லாம் தெரிஞ்சும் வாயத் தொறக்காம உக்காந்திருந்தவன்னு எழுது. எழுத யோசிக்காத. அன்னிக்கு நான் ஒருத்தி கத்தியிருந்தா என்ன பண்ணியிருப்பாங்க? என்னையும் சேத்துப் போட்டிருப்பாங்கன்னு பயம். பொறகு நீங்க மூணு பேரு இருக்கறீங்கன்னு ஒரு சாக்கு. இத்தன வருசம் அந்த மனுசனுக்குச் சோறு போட்டுட்டுத்தான இருக்கறேன்?"

அதோடு அம்மா தன்னுடைய இன்னொரு தப்பையும் எழுதச் சொன்னாள். உன் நம்பரை அப்பாவிடம் கொடுத்தது அவள்தான். அண்ணனுக்கு நிச்சயம் ஆன அன்று எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பா நல்ல மனநிலையில் இருக்கிறார் என்று நினைத்து, "ஏனுங்க, பெரியவளையும் கூப்புடலாமுங்களா?" என்று கேட்டுவிட்டாள். அப்பா கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நம்பர் இருக்குதா?" என்றார். அந்தச் சந்தோஷம் அம்மாவின் கண்ணை மறைத்துவிட்டது. கடவுள் கண் திறந்துவிட்டார் என்று நினைத்து மனப்பாடமாக வைத்திருந்த நம்பரை ஒப்பித்துவிட்டாள்.

நீ நினைப்பாய், அம்மா பழசை நினைத்துப் பயப்படுகிறாள், அப்பா உண்மையிலேயே மாறியிருக்கலாம் என்று. நானும் அப்படித்தான் நினைத்தேன். இரண்டு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு பெரியம்மா என்னை ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க சரசக்காவிடம் கூட்டிப்போனார். ஸ்டேட் பாங்க் காலனி மூலையில் தைக்கிறாளே, உன் யூனிபார்மெல்லாம் தைத்தவள், அவள்தான். டேப்பை என் தோளில் வைத்துக்கொண்டே கேட்டாள், "என்ன அம்மணி, இணைச்சீர்க்காரி நீதானாமா? உங்கப்பா நோம்பிக்கு முன்னயே சேலையக் குடுத்துட்டுப் போயிட்டாரு. கையில சரிகை எச்சா வெக்கட்டுமா?"

நோம்பிக்கு முன்பே. உன்னிடம் அப்பா பேசியது நோம்பி முடிந்த பிறகு. நான் வாய் தவறி, "அக்காளுக்குங்க?" என்று கேட்டேன். சரசக்கா டேப்பை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "எந்த அக்காளுக்கு?" என்றாள். பெரியம்மா என் முழங்கையைப் பிடித்து, "அளவெடுக்கறப்ப நேரா நில்லு" என்றார். அவர் நகம் பதிந்த இடம் இன்னும் கன்றியிருக்கிறது.

ஒரு கல்யாணத்தில் பேழையை ஏந்தி நிற்பவள் ஒருத்திதான் அக்கா. அந்த இடத்துக்கு அவர்கள் என்னை முடிவு செய்து, சேலை எடுத்து, தைக்கவும் கொடுத்த பிறகுதான் உன்னிடம் 'நீதான செய்யோணும்' என்று சொன்னார்கள். ஒருவேளை நீ வர முடியாமல் போனால் என்ற முன்யோசனையாக இருக்குமோ என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா சொன்னாள், "அப்ப எதுக்கு உங்க பெரியப்பன ஸ்பீக்கர்ல கேக்க வெச்சாரு? நீ யோசி. சபையில பெரியப்பன் உக்காந்திருப்பாரு. மாமனாரு சித்தப்பன் பங்காளி அத்தன பேரும் உக்காந்திருப்பாங்க. இவளக் கோயில் வாசப்படி மிதிக்க உடாதவிய, இணைச்சீருக்கு நிக்க உடுவாங்களா? அது அவளுக்கும் தெரியும். ஆசைல அது மறந்துபோச்சு அவளுக்கு. அதத்தான் எழுதச் சொல்றேன்."

அண்ணனுக்கு இதெல்லாம் தெரியுமா என்று எனக்குத் தெரியவில்லை. அக்கா வந்தால் உனக்குச் சந்தோஷமா என்று கேட்டேன். போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "அதெல்லாம் பெரியவங்க பாத்துக்குவாங்க, நீ போய்ப் படி" என்றான். வேறு எதற்கும் அவன் பெரியவர்கள் பேச்சைக் கேட்டதே இல்லை.

இப்போது உன் ஊரைப் பற்றி. ஊரின் பேரை நான் எழுதவில்லை, நாட்டின் பேரையும் எழுதவில்லை. இந்தத் தாள் யார் கைக்காவது போனாலும் போகட்டும். நகரத்தில் ஒற்றை அறைக்குக் கொடுத்த வாடகைக்கு இங்கே கீழும் மேலுமாக ஒரு வீடே கிடைத்தது என்று நீ முதலில் சொன்னபோது குரலில் சந்தோஷம் இருந்தது. குளிர் ஆரம்பித்ததும் அது போய்விட்டது. தெருவெல்லாம் ஒரே மாதிரி செங்கல் வீடுகள், எது உன்னுடையது என்று கதவு நிறத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது என்றாய். காலையில் எல்லோரும் நகரத்துக்கு ரயிலேறிப் போய்விடுகிறார்கள், அப்புறம் வயசானவர்களும் கடல்பறவைகளும்தான் ஊரில் மிச்சம் என்றாய். மாமா இருட்டில் கிளம்பி இருட்டில் வருகிறார். துணி காய்வதில்லை, சுவரில் பூஞ்சை பூக்கிறது. ஜன்னல் கண்ணாடியில் உப்புப் படிகிறது. கடலாவது இருக்கிறதே என்று பார்க்கப் போனால் தண்ணீர் எங்கோ உள்ளே போய்விட்டிருக்கிறது, சேறு மட்டும் கிடக்கிறது, இது என்ன கடலம்மா என்று கேட்டாய். ஊருக்கே வந்துவிடலாம்போல் இருக்கிறது என்றாய். அம்மாவும் மனசு கேட்காமல், ஒருதரம் வந்துட்டுப் போ கண்ணு என்று சொல்லிவிட்டாள். அந்த வார்த்தையை அழித்துவிடச் சொல்கிறாள். நான் சொல்லவே இல்லை என்று நினைத்துக்கொள்ளச் சொல்கிறாள்.

அம்மாவும் இப்படி ஓர் ஊருக்குத்தான் வந்தாளாம். நமக்குத் துடியலூர் பிறந்த ஊர், அதனால் தெரியவில்லை. அப்பா அப்போது கோயமுத்தூருக்குள் ஒரு பம்ப் கம்பெனியில் லேத்தில் நின்றார். ஊருக்குள் வாடகை கட்டுப்படியாகாது என்று இங்கே வந்தார்கள். காலையில் மேட்டுப்பாளையம் ரோட்டில் பஸ் பிடித்து அப்பா போய்விடுவார். தெருவில் பாதி இடம் கல் நட்ட காலி சைட்டுகள். பக்கத்து வீட்டில் மலையாளம் பேசினார்கள், எதிர்வீட்டில் தெலுங்கு. அம்மாவிடம் யாரும் வந்து பேசவில்லை. இவளும் போய்ப் பேசவில்லை. மனித முகத்தைப் பார்க்க வேண்டும் என்று தினமும் பஸ் ஸ்டாப்பில் போய் நிற்பாளாம். அங்கே பூ விற்றுக்கொண்டிருந்த ஒருத்தி கொஞ்ச நாள் பார்த்துவிட்டு, "ஏன் அம்மணி, தெனமும் வாரே, எந்தப் பஸ்ஸுலயும் ஏற மாட்டேங்கறயே, டிரைவரு ஆரும் புடிக்கலயா?" என்று கேட்டாளாம். அன்றைக்குச் சிரித்ததுதான் கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவை சிரித்தது என்று அம்மா சொன்னாள். அந்தப் பூக்காரி இருந்ததால்தான், அண்ணன் பிறக்கும்போது வலி வந்து அப்பா பட்டறையில் மாட்டிக்கொண்ட அன்று ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தாள்.

"ஊரு புடிக்குமான்னு கேட்டுக்கிட்டே இருந்தா எந்த ஊரும் புடிக்காது," என்றாள். "அவ ஊட்டுக்குள்ளயே உக்காந்திருக்க வேண்டாம்னு எழுது. சாயந்தரம் அவ ஊட்டுக்காரன் ரயில்ல எறங்கறப்ப ஸ்டேஷனுக்குப் போய் நிக்கட்டும். தெனமும் ஒரே நேரத்துக்கு நின்னா நாலு பேரு மூஞ்சி பழகும். பக்கத்தூட்டுக் கெழவி பார்சல் வாங்கி வெக்கறான்னு சொன்னாளே, அவளுக்கு ஒருநாளைக்கு ரசம் வெச்சுக் கொண்டுபோய்க் குடுக்கட்டும். காரத்துல கெழவி குதிச்சாலும் பரவால்ல, பேச்சு வளரும்." நீ கடுகு தாளித்தால் கூரையில் இருக்கும் புகை எச்சரிக்கை மணி அலறுகிறது என்று சொன்னதை அம்மாவுக்கு நினைவுபடுத்தினேன். "அலறட்டும். அலறுனா நாலு பேரு ஓடி வருவாங்கல்ல? அப்படிப்பட்ட ஊருதான் அவளுக்கு வேணும். இங்க ஒருத்தி அலறுனா ரேடியோவச் சத்தமா வெப்பாங்க" என்றாள்.

அதனால் அந்த ஊரைப் பிடிக்கவில்லை என்று சொல்லாதே அக்கா. சேறாக இருந்தாலும் போய்ப் பார். தண்ணீர் திரும்பி வரும் நேரம் எது என்று அங்கே இருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள். முடிந்தால் அந்த வீட்டையே நிரந்தரமாக எடுத்துக்கொள்ளுங்கள். வாசல் தெரிகிற மாதிரியும், ஸ்டேஷன் பலகை தெரிகிற மாதிரியும் படம் போட்டிருந்தால் எடுத்துவிடு. வேலை விஷயமாக இந்தப் பக்கம் வந்தேன், ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று நம் ஆட்கள் யார் வந்து நின்றாலும், சித்தப்பா மகனாகவே இருந்தாலும், கதவைத் திறக்காதே. அங்கே போலீசில் முன்கூட்டியே சொல்லி வைக்க முடியுமா என்று மாமாவை விசாரிக்கச் சொல். இங்கே மாதிரி அங்கே சிரிக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

இன்னொன்று. நீ மாசமாக இருப்பது எனக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். அப்பாவிடம் சொல்லிவிடாதே. அடுத்த தடவை அவர் 'கண்ணு' என்று இழுத்துக் கூப்பிடும்போது உனக்கு வாய்வரைக்கும் வரும். சொன்னால் தலைப்பிரசவம் பிறந்த வீட்டில்தான் என்று அதையே இன்னொரு கயிறாக்கி இழுப்பார்கள். அம்மா இதைச் சொன்னபோது கிரைண்டரை நிறுத்திவிட்டாள். பெரியம்மா எட்டிப் பார்த்தார். கல்லைக் கழுவ வேண்டும் என்று சொல்லி மறுபடி ஓட விட்டாள். "தலப்பிரசவத்துக்கும் வராதன்னு ஒரு அம்மா சொல்லுவாளா? நான் சொல்றேன். அங்கயே பெத்துக்கோ. பூண்ட நல்லெண்ணெயில வதக்கி சோத்துல போட்டுத் தின்னு. பச்சத்தண்ணியில கை வெக்காத. புள்ள அழுதா பயப்படாத, பசிக்குத்தான் அழுகும். ராத்திரியில உன்ற ஊட்டுக்காரன எழுப்பு, பாவம் தூங்கட்டும்னு உடாத, நான் உட்டு உட்டுத்தான் கெட்டேன்." இதையெல்லாம் வரிசையாகச் சொல்லிவிட்டு, புள்ளைக்கு என்ன பேர் வைக்கப்போகிறாள் என்று மட்டும் கேட்கச் சொன்னாள். உடனே, வேண்டாம், கேட்காதே, தெரிந்தால் வாய் தவறிச் சொல்லிவிடுவேன் என்றாள்.

அப்பா மறுபடி கூப்பிடுவார். உனக்கு எல்லாம் தெரியும் என்று காட்டிக்கொள்ளாதே. அழுதுகொண்டு ஏன் இப்படி என்று கேட்காதே. கேட்டால் யார் சொன்னது என்று இங்கே தேடுவார்கள், தேட இந்த வீட்டில் இரண்டே பேர்தான். மாமாவுக்கு லீவு கிடைக்கவில்லை, விசா வேலை நடக்கிறது, இப்போது வெளியே போனால் திரும்பி வர முடியாது என்று சொல். வருத்தமாகச் சொல். ஆசையாகத்தான் இருக்கிறது அப்பா என்று சொல், அது பொய் இல்லையே.

அதற்குப் பிறகு அவர்கள் அம்மாவை வைத்துக் கூப்பிடுவார்கள். இதைத்தான் அம்மா நேற்றும் இன்றும் திரும்பத் திரும்பச் சொல்லி, கடைசியில் எழுது, மறக்காமல் எழுது என்றாள். "உங்கம்மாளுக்கு முடியல, உன்ற மூஞ்சியப் பாக்கோணும்ங்கறான்னு சொல்லுவாங்க. நானே போன்ல வந்து, வா கண்ணுன்னு அழுதாலும் அழுவேன். பக்கத்துல நின்னு சொல்லச் சொன்னா நான் சொல்லித்தான ஆகோணும்? அத நம்பாத. நான் சொன்னது இந்தக் கடுதாசில இருக்கறது மட்டுந்தான். செத்துப்போயிட்டான்னு சொல்லுவாங்க, அப்பவும் வராத. நெசமாலுமே செத்திருந்தாலும் வராத. என்ற பொணம் உன்னத் தேடாது கண்ணு. நீ அங்க உசுரோட இருக்கறன்னு நெனச்சுக்கிட்டுத்தான் போவேன்."

அப்போ எனக்கு என்னம்மா என்று நான் கேட்டேன். அம்மா என் தலையில் மாவுக் கையை வைத்தாள். என்னைப் பற்றி நீ யோசிக்காதே அக்கா, எனக்கு ஒன்றும் இல்லை, ப்ளஸ் டூ முடியட்டும். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நீ சொன்ன அந்தக் காலை ரயிலை நினைத்துக்கொள்வேன். அதில் என் வயசுப் பெண்களும் ஏறிப் போகிறார்கள், யாரும் யாரையும் எங்கே போகிறாய் என்று கேட்பதில்லை என்று சொன்னாயே, அது உண்மையா? உண்மை என்றால் எனக்கு

கதவைத் தட்டுகிறார்கள். அம்மா என்றால் பேர் சொல்லிக் கூப்பிட்டிருப்பாள். பெரியம்மா என்றால் தட்டாமலே தள்ளுவார். விளக்கை அணைத்தால் இன்னும் தப்பாகிவிடும். அப்பாதான். ரொம்பப் பிரியமாகக் கூப்பிடுகிறார். "அம்மணி, இன்னும் தூங்கலயா கண்ணு? கொஞ்சம் கதவத் தொறங்க" என்கிறார். அன்றைக்கு 'மாப்பிள்ளை' என்ற அதே குரலில் என்னைப் போய் 'தொறங்க' என்கிறார் அக்கா. நீ வரா